கேளாமலே புரியும் பொறி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையைப் போல் எல்லாருடைய கண்களும் ஓரிடத்தில் குவியும் வேளை வேறில்லை. கொழுந்து மடுவத்தில் கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்மணி, தராசின் முள் எங்கே நிற்கிறதென்று எட்டிப் பார்க்கிறாள். பல தோட்டங்களில், குறித்த அளவு கொழுந்து சேர்ந்தால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். 'பேர்' என்பது தோட்டத்து வழக்கில் ஒருநாட் சம்பளம். தராசு காட்டும் எண்ணைக் கொண்டே அவள் வீட்டு உலையில் எவ்வளவு அரிசி விழும் என்பது முடிவாகிறது.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு பாடசாலையின் மாணவர், கண்காட்சிக்கென மின்னணுத் தராசு ஒன்றைச் செய்ய முற்படுவதாகக் கொள்க. இலங்கையில் உயர்தர வகுப்புகளுக்கு 2013ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு அறிமுகமான பின்னர், இத்தகைய முயற்சிகளுக்கு வாய்ப்புப் பெருகியிருக்கிறது. மாணவர் கம்பிகளைச் சரியாகப் பொருத்துவர். கணக்கும் பிழையின்றி வரும். ஆயினும் காண வந்தவர் பொறியின் முன்னே நின்று, "இதில் எதை அழுத்துவது?" என்று கேட்கிறார். செய்த மாணவர் அருகில் நின்று விளக்கினாலன்றிப் பொறி பயன்படுவதில்லை. பொறியின் உட்பகுதி நன்றாயிருந்தும், அது மனிதரைச் சந்திக்கும் முகம் செம்மையாக அமையவில்லை. இம்முகத்தையே அறிஞர் 'இடைமுகம்' என்கின்றனர்.

இத்துறையில் பெயர்பெற்றவர் டொனால்ட் நோர்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர். அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. கதவை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். தட்டையான தகடு பதித்த கதவைக் கண்டால் கை தானாகவே தள்ளும்; கைப்பிடி இருந்தால் இழுக்கும். கைப்பிடியை வைத்துவிட்டு, 'தள்ளுக' என்று எழுதி ஒட்டினால், தவறு அதை இழுத்தவருடையதன்று, கதவை அமைத்தவருடையது. பொறி செய்யும் மாணவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

இனி, தராசுக்கு வருவோம். அதன் உள்ளே ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குப் புலப்படாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய கம்பியின் மின்தடை அவ்வளைவுக்கேற்ப மாறும். அம்மாற்றம் கிலோவாகக் கணிக்கப்படுகிறது. கூடை ஆடிக்கொண்டிருக்கும்போது எண்ணும் ஆடும். ஆடும் எண்களில் ஒன்றை ஒருவர் குறித்துக்கொண்டால், குறித்தது எந்த எண் என்ற ஐயம் மற்றவருக்கு எழும். ஆகையால் எண் நிலைத்த பின்னரே பச்சை விளக்கு எரியவேண்டும். விளக்கு எரிந்த பின்னரே கணக்கில் பதிய வேண்டும். அவ்வாறாயின், எப்போது பார்க்க வேண்டுமென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணை எங்கே காட்டுவது? பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2016ஆம் ஆண்டு அந்நாட்டு மாணவர்க்கு வழங்கிய 'மைக்ரோபிட்' என்னும் சிறு கணினியில் 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உள்ளன. கற்பதற்கு அது மிக ஏற்றது. ஆனால் ஒரே வேளையில் ஓர் இலக்கத்தைத்தான் அதில் தெளிவாகக் காட்ட முடியும். 18.5 என்ற நிறை ஒவ்வோர் இலக்கமாக ஓடி மறையும். மூடுபனியில் நிற்கும் மூதாட்டி அதைத் தொடர்ந்து வாசிப்பது அரிது. பெரிய செவ்விலக்கங்கள் ஒருங்கே நின்று ஒளிரும் பலகையே இங்கு வேண்டுவது. அப்பலகை கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டும் திரும்பியிருத்தல் கூடாது. கொழுந்து கொணர்ந்தவளும் காணுமாறு இருபுறமும் அமைதல் வேண்டும். மொத்த நிறை, கழித்த கூடை நிறை, எஞ்சிய கொழுந்து நிறை ஆகிய மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால், எவ்வளவு கழிந்தது என்ற கேள்விக்குப் பலகையே விடை சொல்லும்.

அடுத்தது, செயல்களின் ஒழுங்கு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா. எழுத்துகள் மிகுந்த தமிழைச் சில விசைகளுக்குள் அடக்கியது அவருடைய அரும்பணி. அதற்காக, அடித்தாலும் தாள் நகராத விசைகள் அமைந்தன. அதனால் 'க்' என்று அச்சிட முதலில் புள்ளியையும், பிறகு ககரத்தையும் அடிக்க நேர்ந்தது. கை எழுதும் ஒழுங்கு ஒன்று, பொறி கேட்ட ஒழுங்கு வேறு. கணினி வந்தபின் அந்தத் தளை நீங்கிற்று. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில், மெய்யை அடித்துப் பின் உயிரை அடிக்கிறோம். நாவின் ஒழுங்கைப் பொறி பின்பற்றுகிறது. மாணவரின் தராசும் அவ்வாறே மடுவத்தின் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூச்சியப் பொத்தானை அழுத்திய பின்னரே நிறுக்கலாம் என்றால், என்றேனும் ஒருநாள் மறதி நேரும்; அம்மறதியின் நட்டம் கூலியில் விழும். கூடை இறங்கியதும் பொறி தானே பூச்சியத்துக்குத் திரும்புவது நன்று.

செய்த செயல் நிறைவேறியது என்ற உறுதியும் அவசியம். இந்தியாவின் வாக்குப் பதிவு இயந்திரம் 1982ஆம் ஆண்டு கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே நீலப் பொத்தான். அழுத்தினால் அருகே சிவப்பு விளக்கு எரியும், ஓர் ஒலியும் கேட்கும். எழுத்தறியாதாரும் தம் வாக்குப் பதிந்ததை அறிவர். தராசிலும் நிறை பதிந்தவுடன் ஓர் ஒலி எழலாம். நிறையைத் தமிழில் உரக்கச் சொல்லும் பதிவுக் குரலும் சேரலாம். அம்மறுமொழி தாமதியாது வரவேண்டும். பத்திலொரு விநாடிக்குள் கிடைக்கும் மறுமொழியை மனம் உடனடியானதாகவே கொள்கிறது. தாமதித்தால், அழுத்தவில்லையோ என்றெண்ணி விரல் மீண்டும் அழுத்தும். ஒரு கூடை இரு தடவை பதியும்.

இறுதியாகச் சோதனை. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலனாகும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் எழுதியுள்ளார். மலையகத்து மாணவருக்கு அந்த ஐவரைத் தேடித் தொலைவு செல்லவேண்டிய அவசியமில்லை. தாயும் பாட்டியும் அயல் வீட்டாரும் லயத்திலேயே இருக்கின்றனர். பொறியை அவர்கள் முன் வைத்துவிட்டு, மாணவர் வாய் திறவாது நிற்றல் வேண்டும். கொழுந்து பறித்துக் கறைபட்ட ஈர விரல் எந்தப் பொத்தானில் தயங்குகிறது, கண் எங்கே தேடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்ல வாய் துடிக்கும் ஒவ்வோர் இடமும் திருத்தப்பட வேண்டிய இடமாகும்.

பல தலைமுறைகளாகப் பிறர் வாசித்துச் சொன்ன எண்ணையே கேட்டுத் திரும்பியவர்கள் இம்மலைகளில் உழைத்த பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் செய்யும் தராசின் முன் ஒரு தாய் கூடையை வைத்து, எவரையும் கேளாமல் தன் உழைப்பின் நிறையைத் தானே அறிந்து செல்வாளாயின், அப்பிள்ளைகள் கற்ற விஞ்ஞானம் பயன் தந்ததாகும்.