முதற்குதிரையைத் தேர்ந்தெடுத்தல்

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. பெங்களூருவில் வாழும் கொங்குநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுள் சிலர் அதனை நேரிற் கண்டிருக்கலாம். மார்வாரி, கத்தியவாரி முதலிய இனக் குதிரைகள் அங்கு விற்பனைக்கு வருகின்றன. காதுகள் உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொட நிற்கும் மார்வாரிக் குதிரையைப் பார்த்தவர் எளிதிற் கண்ணெடுக்க மாட்டார். முதன்முதலாகக் குதிரை வாங்குபவர் தடுமாறும் இடமும் அதுவே.

குதிரையின் உடலில் மயிர் சுழன்று வளரும் இடத்தைச் சுழி என்பர். சுழி பார்த்து நன்மை தீமை கூறும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் உண்டு. ஆனால், குதிரையின் வயதையோ கால்வலிமையையோ சுழி உரைக்காது. பல்லும் காலுமே உரைக்கும்.

குதிரைக்கும் நம்மைப் போலப் பால்பற்கள் முளைத்து விழுகின்றன. ஏறத்தாழ 5 வயதிற்குள் முன்பற்கள் அனைத்தும் நிலைப்பற்களாகிவிடும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள குழிகள், மேய மேயத் தேய்ந்து மறையும். முதுமையில் பற்கள் முன்நோக்கிச் சாயும். பழகிய கால்நடை மருத்துவர் இவற்றைக் கொண்டு வயதை மதிப்பிடுவார்; வயது ஏற ஏற அம்மதிப்பின் துல்லியம் குறையும்.

அடுத்து, கெட்டியான தரையில் குதிரையை நடத்தியும் மெல்ல ஓட்டியும் காண வேண்டும். முன்னங்காலில் நோவுள்ள குதிரை, அக்காலை ஊன்றும்பொழுது தலையை மேலே தூக்கும். நின்றிருக்கும்பொழுது தெரியாத குறை, ஓடும்பொழுது தெரிந்துவிடும்.

'குட்டியாக வாங்கினால் என்னோடு சேர்ந்து வளரும்' என்று பலர் எண்ணுகின்றனர். கேட்பதற்கு இனிய எண்ணம். ஆயினும் இடர் மிக்கது. ஏறத் தெரியாதவரும், ஏற்றிப் பழகாத குதிரையும் ஒருவருக்கொருவர் என்ன கற்பிக்க இயலும்? நன்கு பேணினால் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆதலின் 10 அல்லது 12 வயதுடைய, பலரைச் சுமந்து பழகிய, அமைதியான குதிரையே புதியவருக்கு ஏற்றது.

பெங்களூருவில் வேறொரு மயக்கமும் உண்டு. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரைகள் சில வேளைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 2 வயது முதலே விரைந்தோடப் பழக்கப்பட்டவை அவை. தேர்ந்த பயிற்சியாளர் அவற்றுக்கு மென்னடை கற்பிக்கலாம். புதியவருக்கு அது கைவராது.

மாணிக்கவாசகரைக் குதிரை வாங்க அனுப்பிய பாண்டிய மன்னனின் கதையை அறிவீர்கள். பகலில் பரிகளாக வந்தவை, இரவில் நரிகளாயின. ஒரு நாள் பார்வை போதாது என்பதற்கும் இக்கதையை எடுத்துக்காட்டலாம்! முன்பே ஓட்டிக் களைக்கச் செய்தால், முரட்டுக் குதிரையும் சாதுவாகத் தோன்றும். எனவே வெவ்வேறு வேளைகளில் இருமுறையேனும் சென்று, இலாயத்தில் அதைப் பிடித்துச் சேணம் பூட்டுவதிலிருந்தே உடனிருந்து காண வேண்டும்.

வாங்கிய பின்னரே பெருஞ்செலவு தொடங்குகிறது. பெரிய குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் 8 முதல் 10 கிலோ தீவனமும், 20 லிட்டருக்கு மேல் நீரும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்ய வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்துக் கப்பலில் வரவழைத்த குதிரைகள் பேணத் தெரியாமையால் விரைவில் இறந்தன என்று எழுதினார்.

குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. தீவனம் திடீரென மாறினால் வரும் வயிற்றுவலி, உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே குதிரையோடு, அது தின்று பழகிய தீவனத்தையும் சில நாளுக்குக் கேட்டு வாங்கி வருதல் வேண்டும். அதனோடு புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாட்களில் முழுதும் மாற்றலாம்.