மதில் காத்த வீரர்

ஆனியும் ஆடியும் பிறந்துவிட்டால் பாவூர்சத்திரத்தில் காற்றுக்குக் குறைவில்லை. செங்கோட்டைக் கணவாயின் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்தில் சாரலைச் சொரிந்துவிட்டு, தென்காசியைக் கடந்து, இவ்வூரின் வெளிகளில் ஓயாது சுழன்று வீசும். மாலையில் சிறுவர் பந்தாடும் திடலில் அக்காற்றும் ஓர் ஆட்டக்காரன் போன்றதே. மேற்கே நின்று உதைப்பவனுக்கு அது துணை. கிழக்கே நின்று உதைப்பவனுக்குப் பகை. அச்சிறுவர் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் இடைவெளியை இலக்கெனக் கொண்டு, நடுவே ஒருவனை நிறுத்துவர். அவனுக்குக் 'கோலி' என்று பெயர். அப்பணியை விரும்பி ஏற்பவர் அரியர். விரைந்து ஓட இயலாதவனோ, காலந்தாழ்த்து வந்தவனோ, அகவையில் இளையவனோதான் பெரும்பாலும் அங்கே நிறுத்தப்படுவான்.

பழந்தமிழர் போர்முறையில் பகைவர் மதிலை வளைப்போர் உழிஞைப்பூச் சூடினர்; தம் மதிலைக் காப்போர் நொச்சிப்பூச் சூடினர். கால்பந்தாட்டத்தில் முன்னணியில் பாய்வோர் உழிஞை மறவர் எனின், இலக்குக் காவலன் நொச்சி மறவன் ஆவான். அவன் காக்க வேண்டிய வாயில் சிறிதன்று. அகலம் 24 அடி. உயரம் 8 அடி. பகைவர் தவறுக்குத் தண்டனையாகப் பெறும் உதையில், பந்து 36 அடித் தொலைவில் வைக்கப்படும். இடையே வேறு எவரும் நில்லார். ஏனைய பதின்மரும் கையால் பந்தைத் தொடலாகாது. காவலனுக்கு மட்டும் தன் எல்லைக்குள் அவ்வுரிமை உண்டு. முன்னணி வீரன் பத்து முறை பிழைத்து ஒருமுறை வென்றாலும் புகழ் பெறுவான்; காவலன் பத்து முறை தடுத்து ஒருமுறை பிழைத்தாலோ, அவ்வொரு பிழையே ஊர்வாயில் நிற்கும். இது நேர்மையான கணக்கு அன்று. எனினும் உலகம் அவ்வாறுதான் கணக்கிடுகிறது.

இத்தகைய பணியில் ஆசியா முழுவதும் பெயர் பெற்றவர் பீட்டர் தங்கராஜ். இவர் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். செகந்தராபாத்துக் கழகங்களில் ஆடிப் பழகியபின், 1953-ஆம் ஆண்டில் படையில் சேர்ந்தார். நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையமே அவரை வளர்த்த இடம். தொடக்கத்தில் அவர் காவலர் அல்லர்; எதிரியின் இலக்கை நோக்கிப் பாயும் நடு முன்னணி ஆட்டக்காரர். பின்னரே இலக்கின் வாயிலுக்கு வந்தார். ஆறடிக்கு மேற்பட்ட நெடிய உடலும் நீண்ட கைகளும் அவ்வாயிலுக்கு ஏற்றவையாக அமைந்தன. 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி தூரந்து கோப்பையை வென்றது. அவர் தலைமையில் படையினர் அணி 1960-இல் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாகப் பெற்றது.

அந்நாளில் நம் நாட்டில் கால்பந்தே தொழில் என்று கொள்ள வழியில்லை. வீரர்களுக்குப் படையோ, இரயில்வேயோ, வேறோர் அலுவலகமோ சோறு அளித்தது. ஆட்டம் அதனுடன் ஒட்டி நடந்தது. மேலைநாட்டில் ஊதியம் பெற்று ஆடும் வழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. அவ்வாறு ஆடியவருள் பெர்ட் டிரவுட்மான் என்னும் ஜெர்மானியரின் வரலாறு தங்கராஜின் வரலாற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. அவரும் படைவீரர், இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். சிறைமுகாமில் களத்தினுள் ஓடி ஆடியவர், ஒருநாள் காயமுற்றமையால் காவலரோடு இடம் மாறி, அன்றுமுதல் காவலரானார். 1949-இல் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, நேற்றைய பகைவனா நம் வாயிலைக் காப்பது என்று பல்லாயிரவர் சினந்து எழுந்தனர். அவரோ 545 ஆட்டங்கள் அக்கழகத்திற்காக ஆடினார். 1956-ஆம் ஆண்டுக் கோப்பை இறுதியாட்டத்தில் மோதுண்டு கழுத்தெலும்பு முறிந்தது. முறிந்ததை அறியாமலே, எஞ்சிய 17 நிமிடங்களும் நின்று காத்தார்; சில நாள் கழித்தே மருத்துவர் கண்டுரைத்தனர்.

அவ்வாண்டு இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. அவ்வணியில் தங்கராஜ் இருந்தார். 1960-இல் ரோம் நகருக்கும் சென்றார். ஆங்கு இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டே. தென்கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் 0-2 எனத் தோற்ற இந்தியா, படிப்படியாக ஏறி, இறுதியாட்டத்தில் அதே அணியை மீண்டும் எதிர்கொண்டது. தங்கராஜ் காய்ச்சலுற்று ஒதுங்கியிருந்தார். அவரிடத்தில் பிரத்யுத் பர்மன் காத்து வந்தார். இறுதியாட்டத்திற்கு யாரை நிறுத்துவது? வென்று வந்த காவலரை மாற்றுவது துணிவான செயல். நோயினின்று இப்போதுதான் எழுந்தவரை நிறுத்துவது அதனினும் துணிவு. பயிற்றுநர் சையது அப்துல் ரகீம் தங்கராஜையே தேர்ந்தார். தலையில் தையலிட்டிருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பினின்று முன்னணிக்கு அனுப்பியவரும் அவரே.

செப்டம்பர் 4-ஆம் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. இசுரேலும் தைவானும் அப்போட்டிகளில் விலக்கப்பட்டதை இந்தியர் ஒருவர் கண்டித்திருந்தமையால், கூடியிருந்தோர் இந்திய அணியை வெகுண்டு கூச்சலிட்டனர். அக்கூச்சலுக்கு நடுவே பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் 20 நிமிடங்களில் ஆளுக்கொரு முறை பந்தைச் செலுத்தினர். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு மேல், கொரியர் தொடுத்த தாக்குதலைத் தற்காப்பினரும் காவலரும் தாங்கினர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து உள்ளே சென்றது. அடுத்தது செல்லவில்லை. 2-1 என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. நோயுற்றிருந்த ரகீம் மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மறைந்தார். 

தங்கராஜ் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். தம்முள் ஓயாது மாறுபடும் அம்மூன்று கழகத்தாராலும் அவர் போற்றப்பட்டார். 1967-இல் அருச்சுனா விருது பெற்றார். பொக்காரோ நகரில் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், 73 அகவை நிறைய ஒரு திங்கள் இருக்கையில், காலமானார்.