மது நீக்கிய ஒயின் இதயத்திற்கு நல்லதா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் பொருள்கள் கடல் கடந்து செல்கின்றன. வணிகத்தின் பொருட்டு வெளிநாடு சென்று திரும்புவோர் அங்குள்ள சில பழக்கங்களையும் உடன் கொண்டுவருகின்றனர். அவற்றுள் ஒன்று, ஆல்கஹால் நீக்கப்பட்ட ஒயின். "மது இல்லை, இதயத்திற்கு நல்லது" என்ற நற்பெயருடன் அது வீட்டிற்குள் வருகிறது. இதனை நோயாளிகள் அருந்தலாமா என்று குடும்பத்தினர் கேட்கும் கேள்விக்கு இங்கே விடையளிக்க விழைகிறோம்.

இது எவ்வாறு உருவாகிறது?

இது வெறும் திராட்சைச் சாறு அன்று. சாற்றை நொதிக்கவைத்து ஒயினாக்கிய பின்னரே அதிலுள்ள ஆல்கஹால் பிரித்தெடுக்கப்படுகிறது. காற்றழுத்தத்தைக் குறைத்துச் சூடேற்றினால், ஆல்கஹால் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். நமது பதநீர் இதற்கு நேர்மாறானது. பானையில் சுண்ணாம்பு தடவுவதால் நொதித்தல் தடுக்கப்பட்டு, அது கள்ளாக மாறாமல் நிற்கிறது. அதாவது, பதநீரில் மது உண்டாவதே தடுக்கப்படுகிறது. இவ்வகை ஒயினில் உண்டான மது பின்னர் நீக்கப்படுகிறது. ஆகவே சிறிதளவு எஞ்சக்கூடும்.

0.5 விழுக்காட்டிற்கு மேல் ஆல்கஹால் உள்ளவற்றையே இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்கின்றன. 0.5 விழுக்காடு உள்ள பானத்தின் 150 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 0.6 கிராம் ஆல்கஹால் இருக்கும். 12 விழுக்காடுள்ள சாதாரண ஒயினில் அதே அளவில் ஏறத்தாழ 14 கிராம் இருக்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் பல நாள் ஊறவைக்கும் வீட்டு ஒயின் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதில் மது உண்டு.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பார்சிலோனாவில் இதய நோய் அபாயம் மிகுந்த 67 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2012ஆம் ஆண்டு வெளியானது. அவர்கள் சிவப்பு ஒயின், மது நீக்கிய சிவப்பு ஒயின், ஜின் ஆகியவற்றை நான்கு வாரங்கள் வீதம் மாறி மாறி அருந்தினர். மது நீக்கிய ஒயின் அருந்திய காலத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 6 புள்ளி அளவிற்குக் குறைந்தது. திராட்சைத் தோலிலுள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்களே இதற்குக் காரணமாகலாம். எனினும் இது சிறிய, குறுகிய கால ஆய்வு. மாரடைப்பு குறைந்ததாக இது நிறுவவில்லை. இரத்த அழுத்த மாத்திரைக்கு இப்பானம் மாற்றாகாது.

இதிலிருந்து மற்றொரு உண்மையும் தெளிவாகிறது. இந்த ஆய்வில் இரத்த அழுத்தம் குறைந்ததற்கு மது காரணமன்று. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஏதும் இல்லை என 2023ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே இதயத்திற்காக மது அருந்தத் தொடங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

யார் தவிர்க்க வேண்டும்?

குடியிலிருந்து மீண்டு வருவோர் இதனைத் தவிர்ப்பதே நல்லது. அதே மணமும், அதே நிறமும், அதே கோப்பையும் அடங்கியிருந்த வேட்கையை மீண்டும் எழுப்பக்கூடும். "மது இல்லாததுதானே" என்று உறவினர் அன்புடன் நீட்டும் ஒரு கோப்பை, பல மாத முயற்சியைக் குலைத்துவிடலாம். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் முகச்சிவப்பு, வாந்தி, படபடப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். கருவுற்ற தாய்மாரும் கல்லீரல் நோயாளிகளும் இதனை விலக்குதல் நன்று.

நீரிழிவு உள்ளோர் சீட்டில் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சுவை கூட்டுவதற்காகச் சில வகைகளில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. அதற்கு மாற்றாகத் திராட்சைச் சாறு அருந்துவதும் தீர்வன்று; 200 மில்லிலிட்டர் சாற்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. சிறுநீரக நோயினால் நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் இதனையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமயநெறியினால் மதுவை விலக்கும் அன்பர்கள், எஞ்சும் அளவை அறிந்து, தம் சமயப் பெரியோரைக் கலந்து முடிவு செய்யலாம்.

வீட்டில் செய்யத்தக்கது

பாலிஃபீனால் பெறுவதற்கு விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கழுவித் தோலுடன் அளவாக உண்டால் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். உணவில் உப்பைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், புகையிலையை விடுதல், மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுதல் ஆகியவையே இதயத்தைக் காக்கும் உறுதியான வழிகள்.

வீட்டில் இத்தகைய புட்டி இருப்பின், அடுத்த முறை மருத்துவமனைக்கு வருகையில் அதனையும், தாங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின், தங்களுக்கு எது பொருந்தும் என்பதை நாங்கள் எடுத்துரைப்போம்.