தலையணைக்குக் கீழே ஒரு நாவல்

போன வாரம் பள்ளி விட்டதும் டீக்கடையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு புத்தகம். எங்கள் பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறார். "தலகாணிக்குக் கீழ இருந்துச்சு சார். நீங்கதான் குடுத்தீங்கன்னு பாப்பா சொல்லுது. லவ் கதையாமே?" என்றார். பிரித்தால், பெருமாள்முருகனின் 'பூக்குழி'.

நான் கொடுத்ததுதான். இரண்டு டீ சொன்னேன்.

பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம் என்று சக ஆசிரியர்களும் கேட்பதுண்டு. பலர் விருதுப் பட்டியலோடு வருவார்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', பூமணியின் 'அஞ்ஞாடி' இரண்டும் சாகித்திய அகாதமி வாங்கியவை, பெரிய உழைப்பு. இரண்டுமே ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் இதை ஒரு பிள்ளை கையில் கொடுப்பது, நடை பழகும் குழந்தையைத் திருப்பதி மலைக்கு நடந்தே வரச் சொல்வது மாதிரி. மெலிந்த நாவல் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படித்து மூடிவிட்டால் போதும், அடுத்ததை அவனே வந்து கேட்பான். பக்கம் எண்ணிப் புத்தகம் கொடுப்பது இலக்கியத்துக்கு அழகா என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

அதே பூமணியின் 'வெக்கை' அப்படி மெலிந்த புத்தகம்தான். 1982இல் வந்ததைச் சமகாலம் என்கிறீர்களே என்று கேட்கலாம். 2019இல் 'அசுரன்' என்ற படமான பிறகு என் மாணவர்களுக்கு அது நேற்று வந்த கதை. படம் பார்த்தவன் நாவலைக் கேட்டு வாங்கிப்போவான், மூன்றாம் நாள் முகம் சுளித்துத் திரும்புவான். "சண்டை எப்ப சார் வரும்?" சண்டை கதையின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் ஓர் ஆளை வெட்டிவிட்டு ஓடுவதில்தான் நாவல் தொடங்குகிறது. பிறகு அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள், சமைக்கிறார்கள், பேசுகிறார்கள். படத்தின் நாயகன் அப்பா. நாவல் மகனுடையது. இதை முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தால் பையன்கள் படிக்கிறார்கள். சொல்லாமல் கொடுத்தால் ஏமாந்துபோகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பையன் இருபது பக்கம் தாண்டி வந்து, "இந்த அய்யா யாரு சார், வாத்தியாரா?" என்றான். அவனுக்குக் குழப்பமே அங்கேதான். கரிசல் பக்கம் அப்பாவை அய்யா என்பார்கள். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு அய்யா என்றால் மனு எழுதும்போது போடுகிற சொல். ஒரே ஒரு சொல், இருபது பக்கத்தை மூடிவிட்டது. வட்டார வழக்கு நாவல்கள் மாணவர்களுக்குக் கடினம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் இப்படி நாலைந்து உறவுச் சொல், வீட்டுச் சொல்தான் தடுக்கிறது. அதற்கு அகராதி வேண்டாம். முதல் பத்துப் பக்கத்தை நானே வகுப்பில் வாய்விட்டுப் படித்துவிடுவேன். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை அப்படித்தான் உள்ளே கொண்டுவந்தேன். பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையனின் கதை, முழுக்கக் கொங்குப் பேச்சு. கண்ணால் படித்தவர்கள் திணறினார்கள், காதால் கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கடைசி வரை நீடிக்காது என்பதை நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஆட்டோக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது சரி சார், இது?" என்று புத்தகத்தைத் தட்டினார்.

லவ் கதைதான், ஆனால் கல்யாணம் முடிந்த இடத்தில் தொடங்குகிற கதை என்றேன். குமரேசன் வெளியூரில் வேலை பார்த்த இடத்தில் சரோஜாவைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்கு அழைத்து வருகிறான். ஊர் அவளைப் பார்க்கிறது. என்ன சாதி என்று கேட்கிறது, ஒவ்வொருவராக, ஒவ்வொரு நாளும். எந்தச் சாதியின் பெயரையும் பெருமாள்முருகன் எழுதவில்லை. அதனால் படிக்கிற பிள்ளை தன் ஊரையே அங்கே வைத்துப் பார்க்கிறது. 2013இல் வந்த நாவல். 2023இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தபோது எங்கள் நூலகப் பிரதிக்கு வரிசை நின்றது. காதலிக்கச் சொல்லித்தரும் புத்தகம் இல்லை, பயத்தைப் பற்றிய புத்தகம் என்றேன்.

"கடைசியில என்ன ஆவுது?"

தலைப்பைக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசவில்லை. "அப்ப இதக் குடுக்கலாமா சார்?"

நியாயமான கேள்வி. ஏனென்றால் இமையத்தின் 'செல்லாத பண'த்தை நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. 2018இல் வந்தது, சாகித்திய அகாதமி வாங்கியது. என் கணக்கில் அண்மைத் தமிழ் நாவல்களில் முதல் வரிசை. தீக்காயத்தோடு படுத்திருக்கும் ரேவதியின் மருத்துவமனை வாசலில் வாசகரையும் உட்காரவைத்துவிடுகிறார், எழுந்து வெளியே போக விடமாட்டார். பதினேழு வயதில், ராத்திரி, தனியாக அதைப் படிக்க வேண்டாம், கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும் என்பது என் எண்ணம். 'பூக்குழி'யில் பயம் மெல்ல ஏறுகிறது, நடுவில் மூடிவைத்து யாரிடமாவது பேச இடம் இருக்கிறது. இந்த வேறுபாடு சரிதானா என்று எனக்கே நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் யோசிக்கிறேன். (ரேவதி கட்டிக்கொள்வது ஓர் ஆட்டோ ஓட்டுநரை. இதை அவரிடம் சொல்லவில்லை.)

கெட்ட வார்த்தை, காதல், சாதி என்று பெரியவர்கள் பயப்படுவது எதுவும் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பஸ்ஸிலேயே எல்லாம் கேட்டுவிடுகிறார்கள். படித்ததைப் பேச ஆள் இல்லாமல் போவதுதான் எனக்குப் பயம். அந்தப் பெண் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்திருக்கிறாள் என்றால், அதில் பாதித் தப்பு என்னுடையது. வீட்டில் காட்டிவிட்டுப் படி என்று நான் சொல்லவில்லை. பொதுத்தேர்வு அவசரத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட்டிவிட்டேன்.

"அந்தப் பையன் வெளியூர்ல என்னா வேலை பாக்குறான்?"

"சோடாக் கடையில."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கோலி சோடாவா? எங்கப்பா அந்த வேலைதான் சார்." புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டத் தொடங்கினார். பாட்டிலை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தலைகீழாக வரும்போது கோலி கழுத்துக்கு இறங்கும், உள்ளே இருக்கும் கேஸ் அதை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் தேய்ந்திருந்தால் கேஸ் நிற்காது. பாட்டிலில் கீறல் இருந்தால் வெடிக்கும். "அப்பாவுக்கு இங்க ஒரு தழும்பு இருக்கும் சார்" என்று தன் புருவத்துக்கு மேலே தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் அந்தாளு எழுதியிருக்காரா?"

எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேட ஆரம்பித்தேன்.