'கரகாட்டக்காரன்' பார்த்துச் சிரிக்கலாமா?

மாட்டுப்பொங்கல் இரவு. மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்துக் காலனி. சமுதாயக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கி வந்த புரொஜெக்டரில் 'கரகாட்டக்காரன்' படம் போட்டிருந்தார்கள். அங்குள்ள மாலை நேரப் படிப்பகத்துக்குப் புத்தகங்கள் கொடுக்கச் சென்றிருந்த நாமும் பாயில் ஓரமாக உட்கார்ந்துவிட்டோம்.

வாழைப்பழக் காட்சி வந்தது. திரையில் செந்தில் வாய் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் வசனத்தைச் சொல்லிவிட்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவர்கள் யாரும் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவில்லை. அடுத்துப் பழைய கார் காட்சி. அதற்கும் சிரிப்பு. அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. "இதுல என்ன சிரிப்பு இருக்கு?"

கேட்டவர் முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி. யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கேள்வியை வைத்தே பேச்சு ஓடியது. நாம் கேட்டதை இங்கே எழுதுகிறோம்.

விளக்கை அணைத்த பிறகு வந்த சிரிப்பு

முதலில் படத்தைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 'கரகாட்டக்காரன்' 1989 ஜூன் மாதம் வெளியானது. இயக்கம் கங்கை அமரன், இசை இளையராஜா. தேனி மாவட்டம் பண்ணைபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் இவர்கள். ராமராஜன் நாயகன். நாயகி கனகாவுக்கு இதுவே முதல் படம். மதுரையில் இந்தப் படம் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. கவுண்டமணி, செந்தில், கோவை சரளா ஆகியோரின் நகைச்சுவைக் காட்சிகள் இன்றும் டீக்கடையிலும் பேருந்திலும் பேச்சோடு பேச்சாக வந்து விழுகின்றன.

மாணவிக்கு முதலில் பதில் சொன்னவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். வாழ்நாள் முழுக்க நையாண்டி மேளத்தில் உறுமி வாசித்தவர்.

"தாயி, எங்க காலத்துல ஊருக்குள்ள நாங்க சத்தம் போட்டுச் சிரிக்க முடியாது. கடைப்பக்கம் நாலு பேரு நின்னு சிரிச்சா, 'யாரப் பாத்துடா சிரிக்கிற'ன்னு கேப்பாக. அதுக்குப் பதில் சொல்லத் தெரியாம அடி வாங்குனவன் உண்டு. தியேட்டருக்குள்ள வெளக்க அணச்சப்புறம் எவன் சிரிச்சான்னு யாருக்குத் தெரியும்? அங்கதான் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதுலயும் தவிலும் நாயனமும் கரகமும் அம்புட்டுப் பெருசா திரையில வந்தது அன்னைக்குத்தான். நம்ம பொழப்பும் ஒரு கதைன்னு அந்தப் படம் சொல்லுச்சு."

அந்தப் பேச்சுக்குப் பிறகு கூட்டம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. சிரிப்பதற்குக்கூட இடம் தேட வேண்டியிருந்த ஒரு தலைமுறையிடம் போய், "நீங்கள் சிரித்தது தவறு" என்று சொல்லிவிட முடியுமா? நம்மால் முடியாது.

மாணவியும் அப்படிச் சொல்லவில்லை. "நீங்க சிரிச்சதத் தப்புன்னு சொல்லல தாத்தா. நீங்க இருட்டுக்குள்ள சிரிச்சிட்டு வந்துட்டீங்க. மறுநாள் பகல்ல அந்தப் பேரையெல்லாம் சுமந்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனது நாங்க" என்றார்.

சொப்பன சுந்தரியின் பக்கம்

மாணவியின் அத்தை கரகாட்டக் கலைஞர். அன்று அவரும் அங்கே இருந்தார். கார் காட்சியைப் பற்றி அவரிடம் கேட்டோம்.

படத்தில் கரகாட்டக் குழு ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போகிறது. அந்தக் காரை முன்பு வைத்திருந்தவள் சொப்பன சுந்தரி. இப்போது அவளை யார் 'வைத்திருக்கிறார்கள்' என்பதுதான் நகைச்சுவை. அந்தப் பெண் படத்தில் வருவதே இல்லை. அவள் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வருகிறது.

"பழக் காமெடிக்கு நானும் சிரிப்பேன். கார் காமெடி வந்தா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன்" என்றார் அத்தை. "திருவிழாவுல விடிய விடிய ஆடிட்டு வேன்ல ஏறுவோம். அப்ப எவனாவது ஒருத்தன் என்னையப் பாத்து இதே கேள்வியக் கேப்பான். கூட நிக்கிற பத்துப் பேரு சிரிப்பாக. அவுகளுக்கு அது சினிமா வசனம். எனக்கு அது சினிமா இல்லியே."

தலையில் குடத்தை வைத்து, அது விழாமல் ஊசியைக் கண்ணால் எடுக்கும் வித்தை கற்றவர்கள் கரகாட்டப் பெண்கள். அந்த வித்தையைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இல்லை. அவர்களை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க மட்டும் ஆள் இருக்கிறது. கலைஞரைக் கொண்டாடிய அதே படம்தான் இந்தக் கேள்வியையும் ஊர் வாயில் போட்டுவிட்டுப் போனது.

ஒரு பட்டப்பெயரின் விலை

இன்னொரு வீட்டின் கதையையும் அங்கே கேட்டோம். அந்த வீட்டில் பன்றி வளர்க்கிறார்கள். மகன் ஒன்பதாம் வகுப்பு. கவுண்டமணி பல படங்களில் செந்திலைத் திட்டும் சொற்களில் ஒன்று 'பன்னித் தலையா'. பள்ளியில் அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மற்ற பையன்களுக்குச் சொன்னால் அது சினிமா கேலி. இவனுக்குச் சொன்னால் வீடு, தொழில், தெரு, சாதி எல்லாம் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. சொன்னவர்களுக்கும் அது தெரியும். "காமெடிக்குச் சொன்னோம் சார்" என்று தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இரண்டு வாரம் அவன் பள்ளிக்கே போகவில்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். படிப்பக இளைஞர்கள் பேசிப் பேசித்தான் காரணம் வெளியே வந்தது. இப்போது போகிறான். ஆனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறான் என்கிறார் அவனுடைய அம்மா.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கரகாட்டக்காரன்' வெளியான அதே 1989-இல், செப்டம்பர் மாதத்தில்தான் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஜனவரி 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பட்டியல் சாதியினரை அவமதிப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கியது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு 2015 திருத்தத்தில் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. அவமதிப்பு என்பது வெறும் விளையாட்டு அல்ல, அது ஒரு காயம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

சினிமாவிலும் வீட்டிலும் சாதாரணமாகப் புழங்கும் இன்னொரு வசைச்சொல் 'சண்டாளா'. பாட்டிகள் பேரனைச் செல்லமாகத் திட்டவும் இதைச் சொல்வார்கள். சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும் என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024 ஜூலையில் அறிவுறுத்தியது. "நாங்கள் சாதியை நினைத்துச் சொல்லவில்லையே" என்று பலர் கேட்டார்கள். நினைக்காமலே வாயில் வரும் அளவுக்கு ஒரு சமூகத்தின் பெயர் வசையாகப் பழகிவிட்டது என்பதுதான் பிரச்சினையே.

உதைப்பது யார், ஜெயிப்பது யார்?

அப்படியானால் அந்தப் படம் சிரிப்புப் படமா, இல்லையா? அன்றைய பேச்சு இந்த இடத்தில்தான் சூடு பிடித்தது.

கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னார்: "கவுண்டமணியும் செந்திலும் ஒரே குழு. ரெண்டு பேரும் ஒரே பந்தலில்தான் வாசிக்கிறார்கள். கூலி கொடுப்பவன் வேறு ஒருவன். ஆனால் உதை விழுவது மட்டும் பக்கத்தில் நிற்கும் செந்திலுக்கு."

படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். மேலே ஏற ஏற மரியாதை கூடும், கீழே இறங்க இறங்க இழிவு கூடும் ஓர் ஏணி அது. அந்த ஏணியில் மிதிபடுகிறவனுக்கும் மிதிப்பதற்கு ஒருவன் கிடைப்பான். அதனால்தான் ஏணி உடையாமல் நிற்கிறது. கவுண்டமணி எத்தனையோ படங்களில் பண்ணையாரையும் அரசியல்வாதியையும் மூடநம்பிக்கையையும் போட்டுத் தாக்கியிருக்கிறார். அந்தக் காட்சிகளில் நம் மக்கள் கை தட்டியதற்குக் காரணம் உண்டு. நம்மால் பேச முடியாததை அவர் பேசினார். அதே கவுண்டமணி செந்திலின் நிறத்தையும் உருவத்தையும் திட்டியபோதும் நாம் கை தட்டினோம். அந்தக் கறுப்பு நம் கறுப்பு என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் வாழைப்பழக் காட்சியை மறுபடி பாருங்கள். இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டு வருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், இருக்கும் ஒன்றையே காட்டி அதுதான் இது என்கிறார். அதட்டினாலும் அடித்தாலும் பதில் மாறவே இல்லை. கேள்வி கேட்பவர்தான் பைத்தியம் பிடித்து அலைகிறார். ஏவல் சொல்பவனின் கணக்கு, ஏவலுக்குப் போனவனின் ஒரே பதிலில் தோற்றுப்போகிறது. உதை விழுந்தாலும் ஜெயிப்பது கீழே இருப்பவன்தான். கரகாட்டக் கலைஞரான அத்தை அந்தக் காட்சிக்குச் சிரித்ததும், கார் காட்சிக்கு எழுந்து போனதும் ஏன் என்று இப்போது புரிகிறது.

ஆகவே நம் பதில் இது. ஒரு படத்தை மொத்தமாக ஏற்க வேண்டியதும் இல்லை, மொத்தமாகத் தள்ள வேண்டியதும் இல்லை. நாம் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று காட்சிக்குக் காட்சி கேட்டால் போதும். அதிகாரத்தின் மேல் விழுந்தால் இன்னும் உரக்கச் சிரிக்கலாம். ஏற்கெனவே கீழே கிடப்பவர் மேல் விழுந்தால், அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

கிந்தனார் போன ரயில்

"இப்படியெல்லாம் பார்த்தால் காமெடியே எடுக்க முடியாதே" என்று ஒரு தம்பி கேட்டார். எடுக்க முடியும். எடுத்தும் காட்டியிருக்கிறார்கள்.

1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' என்ற கதாகாலட்சேபம் நடத்துவார். படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. நந்தனார் தில்லைக் கோயிலுக்குப் போக ஏங்கினார். கிந்தனாரோ கல்வி தேடி ரயிலேறிப் பட்டணத்துக்குப் போகிறார். படித்து அதிகாரியாகிறார். சேரியில் பிறந்த ஒருவரின் கதையை, அவரை ஒரு சொல்லும் இழிவாகப் பேசாமல், தீண்டாமை பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தே கலைவாணர் சிரிக்க வைத்தார். 'கரகாட்டக்காரன்' வருவதற்கு 40 ஆண்டுகள் முன்பே இது நடந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சினிமா காட்டியிருக்கிறது. மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. அதில் நாயகனின் அப்பா பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். அவருடைய வேட்டியை உருவி நடுத்தெருவில் ஓட விடுகிறார்கள். துரத்துகிறவர்களுக்கு அது விளையாட்டு. பார்க்கும் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு கலைஞனின் உடலைப் பார்த்துச் சிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அன்றிரவு முடிவானவை

முதலாவது, படிப்பகத்தில் இனி யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்றோர் வைத்த பெயர் மட்டும்தான். கரும்பலகையில் அதை எழுதியவன் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். இரண்டாவது, பள்ளியில் யாருக்காவது இந்தத் தொல்லை வந்தால் தனியாகத் தாங்கிக்கொள்ளக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் பலகையின் ஓரத்தில் எழுதப்பட்டன. மூன்றாவது, அடுத்த படம் 'நல்லதம்பி'.

அடுத்த முறை கார் காட்சியைத் தள்ளிவிட்டுப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "படத்துல தள்ளிவிட்டாப் போதுமா? ஊருக்குள்ள வேனுக்குப் பக்கத்துல நின்னு கேக்குறானே, அவன என்ன செய்யிறது?" என்றார்.

"அவன் கேட்கும்போது கூட நிக்கிறவங்க சிரிக்காம இருந்தாலே போதும் தாத்தா" என்றார் மாணவி.

பெரியவர் தலையாட்டினார். பிறகு, "பழத்துக்கு மட்டும் நான் சிரிப்பேன் தாயி, அத விடமாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு யார் மேலும் விழவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு படம், ஒரு வசனம், ஒரு பட்டப்பெயர் இருக்கும். அது யாரை வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.