கையிலே செயலி; சாலையிலே பஸ் எங்கே?



2025 செப்டம்பர் 22-இல் அரங்கேறியது 'சென்னை ஒன்' செயலி. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், மூன்றுக்கும் ஒரே சீட்டு! கைபேசியே வழிகாட்டி, கைபேசியே கண்டக்டர்!

ஒரே நாளில் விளைந்த வித்தையா இது? இல்லை. கொச்சி மெட்ரோ 2018-லேயே தன் கால அட்டவணையை எவரும் எடுத்தாளத் திறந்து வைத்தது. பெங்களூர் ஆட்டோத் தோழர்கள் 2022-இல் கமிஷன் பிடிக்காத 'நம்ம யாத்ரி'யோடு கைகோத்தார்கள். அந்த யாத்ரி இன்று சென்னை ஒன்னிலும் ஓடுகிறது. ஊரிடம் ஊர் கற்றது. நல்லதுதான்!

ஆனால், ஒரகடம் கேட்கிறது ஒரு கேள்வி. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர் 2022-இல் 5,904 ஆயிற்று. வரைபடம் விரிந்தது, வண்டி விரிந்ததா? பெரிய ஆலைக்காரர் பஸ் அனுப்புகிறார். உதிரிபாகம் கடையும் சிறு பட்டறைத் தொழிலாளிக்கு? இரவு ஷிப்டு முடிந்தால் சாலையோரம்தான், ஷேர் ஆட்டோதான்!

இல்லாத பஸ்ஸை எந்தச் செயலி காட்டும்?

ஆயினும் செயலியை வெறுக்காதீர். நள்ளிரவில் நீங்கள் பஸ் தேடும் ஒவ்வொரு தேடலும் ஒரு மனு. அதிகாரிகளே, அந்த மனுக்களை எண்ணுங்கள். எண்ணிய இடத்திலே பஸ் விடுங்கள். பிற நகரங்கள் நம்மிடம் கற்க வரட்டும், அதற்குப் பிறகு!