ஒலிப்பதிவை மாற்றலாம், மூலத்தை அழிக்கலாகாது

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழர்கள், கந்துவட்டிக்காரரின் மிரட்டலையோ நிலத்தரகர் வாய்மொழியாகத் தந்த உறுதியையோ பதிவு செய்து வைத்திருந்தும், வழக்கு வரும் வேளையில் அப்பதிவைத் தாங்களே பயனற்றதாக்கிவிடுவது தொடர்ந்து நடக்கிறது. கோப்பு கணினியில் திறக்கவில்லை என்றதும் கடையில் கொடுத்து மாற்றி வாங்கிக்கொண்டு, இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிடுகிறார்கள்.

சோனியின் பழைய குரல்பதிவுக் கருவிகள் டிவிஎஃப், ஒலிம்பஸ் கருவிகள் டிஎஸ்எஸ் எனத் தமக்கே உரிய வடிவங்களில் சேமிப்பதால், அவற்றை அந்தந்த நிறுவன மென்பொருளைக் கொண்டு வேவ் வடிவத்துக்கு, அதாவது ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வடிவத்துக்கு, மாற்றுவது முறையே. எம்பி3 ஆக்கினால் ஏற்கெனவே சுருங்கிய ஒலி மறுபடியும் சுருங்கும். ஆனால் மூலத்தில் இழந்த ஒலியை வேவ் மீட்டுத் தராது. அது கேட்பதற்கும் எழுத்தில் பெயர்ப்பதற்கும் உதவும் நகல் மட்டுமே. இரைச்சலை நீக்குகிறேன், வேண்டாததை வெட்டுகிறேன் என்று எவரேனும் முன்வந்தால் மறுத்துவிட வேண்டும்.

சான்றிதழின்றி நகலை மட்டும் தந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்து வழக்கே சான்று. ஏறநாடு தொகுதித் தேர்தலை எதிர்த்து பி.வி. அன்வர் தொடுத்த வழக்கில், வேறு கருவிகளில் பதிவான பேச்சுகளும் பாடல்களும் கணினியில் ஏற்றப்பட்டுக் குறுந்தகடுகளாகத் தரப்பட்டன. உரிய சான்றிதழ் இல்லாமையால் அவற்றை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழின் படிவம் அச்சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சாகியுள்ளது. ‘ஏ’ பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் ‘பி’ பகுதியை வல்லுநரும் நிரப்பி ஒப்பமிட வேண்டும். கருவியின் நிறுவனம், மாதிரி, நிறம், வரிசை எண், கைப்பேசியானால் ஐஎம்இஐ எண் ஆகியவற்றுடன், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எழுத்தெண் கோவை. பதிவில் ஒரு நொடியை வெட்டினாலும் அது மாறிவிடும். ஆகவே மாற்றத்துக்கு முன்பே மூலக் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் எடுத்து, மாற்றிய பின் வேவ் கோப்புக்குத் தனியாக எடுத்து, இரண்டையும் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். ‘பி’ பகுதியில் யார் ஒப்பமிடுவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்; கடைக்காரரின் முத்திரை போதும் என்ற பேச்சை நம்பக் கூடாது.

வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இவ்வுதவி உண்டு.

தமிழக எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு அப்பால் நடந்தது, குமுளிக்கு அப்பால் நடந்தது என்று காவல் நிலையம் கைவிரிப்பதற்கும் இடமில்லை; பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமானால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும் என்று அங்கே எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நீதிமன்றத்தில் சான்றிதழும் மூலமும் கேட்கப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் புகார்தாரரே. மூலத்தை அழிக்கக் கூடாது; கைப்பேசியை விற்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது. கைப்பேசியைக் காவல்துறை கைப்பற்றினால், ஐஎம்இஐ எண்ணும் ஹாஷ் மதிப்பும் மகசரில், அதாவது கைப்பற்றல் குறிப்பில், ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்து, மகசரின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே நிலையத்தை விட்டு வெளியேற வேண்டும்.